விழிதியூருக்குப் போன அகில் கட்டை

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. வரிச்சிக்குடியில் விவசாயக் குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தவர். இளம் வயதிலேயே தகப்பனாரை இழந்து, காரைக்காலில் நாட்டு மருந்துக் கடை வைத்துத் தம்பி தங்கைகளைக் கரையேற்றினார்.

கடைக்கு வந்து அகில் கட்டை கேட்டவர் சட்டென்று வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. வடக்கே இதற்கு அகர் என்று பேர், அகர்பத்தி என்பது அதிலிருந்து வந்ததுதான், முஸ்லிம்கள் ஊது என்பார்கள் என்று அப்பா ஆரம்பிப்பார். அந்தக் காலத்தில் கீழ்நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது, பெண்கள் கூந்தலுக்குப் புகை போட்டது, சந்தனத்தோடு அரைத்துப் பூசியது என்று அவர் முடிப்பதற்குள் அம்மா கொண்டுவந்து வைத்த சாப்பாடு ஆறிப்போயிருக்கும்.

அப்பேர்ப்பட்டவரும் ஒருமுறை ஏமாந்தார். சுனாமிக்கு மறு வருடம் வந்த சரக்கு அது. மூட்டை அவிழ்த்த அன்று அப்பாவுக்குக் கடும் ஜலதோஷம். கறுப்பாக, கனமாக இருக்கிறதே என்று, வழக்கம்போல் தணலில் போட்டு முகர்ந்து பார்க்காமலே எடுத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து வாடிக்கையாளர் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார்.

"அண்ணே, இது ஊதே இல்லைங்க. எண்ணெ தடவுன வெறுங்கட்டை."

அப்பா அப்போதே கடையைப் பூட்டினார். வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் சைக்கிளில் போய்க் கட்டையைத் திரும்ப வாங்கினார். கடைசி வீடு விழிதியூரில். தன் சிதையில் அகில் வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்ட ஓர் அம்மாளோடு அங்கே அது எரிந்து முடிந்திருந்தது. "நீங்க குடுத்த கட்டை, சுடுகாடே மணந்துச்சுங்க" என்று மகன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். உண்மையைச் சொல்லாமல் அப்பா அப்படியே திரும்பிவிட்டார்.

மருத்துவமனையில் கடைசி வாரம் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்.

"ஒரு தாயோட கடைசி ஆசையில பொய்யக் கலந்துட்டேம்மா. என்னால சொல்ல முடியல. நீ சொல்லி மன்னிப்புக் கேட்டுடு."

காரியத்துக்கு அந்த அம்மாளின் மகன், விழிதியூர் அண்ணன், வந்திருந்தார். தனியாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும்மா" என்றார் அவர். "ஒரு வாசனையும் வரல. நேர்ல பாத்து நாலு வார்த்தை கேக்கணும்னுதான் இருந்தேன். வேர்த்து விறுவிறுத்து சைக்கிள்ல வந்து நின்னாங்க. அந்த முகத்தப் பாத்து எப்படிம்மா கேக்கறது?"

அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த காரைக்கால்மேட்டு நண்பர்களுக்கும், உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. விழிதியூர் அண்ணனுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் சொன்னதை அப்பா ஒரு தடவை காதால் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்.