நாலாவது தேசிக்காய்

முனியாண்டி கோயில் பூசாரி முத்தையா கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். முன்னால் ஒரு சில்லு, பின்னால் இரண்டு. சந்தேகம் தீராமல் மறுபடியும் சுற்றினார். அப்போதும் அதே கணக்குத்தான். அவர் கையில் ஒரு தேசிக்காய் மிச்சமிருந்தது.

“என்னங்கய்யா, நாலு காய் வாங்கியாந்திருக்கீங்க?”

வாங்கியவன் நான்தான். வண்டிப் பூசை என்றால் சில்லுக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவது வழக்கம். எங்கள் பக்கம் அதைத் தேசிக்காய் என்போம், சக்கரத்தைச் சில்லு என்போம். தோட்டத்து லொறிக்கும் டிரக்டருக்கும் நாலு நாலாக வாங்கிப் பழகிய கை, இதற்கும் நாலு என்று நீட்டிவிட்டது. முப்பது வருடம் தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்தவன் நான். ஊரார் நாட்கூலிக் கணக்கையெல்லாம் கூட்டிக் கழித்தேன், சொந்த வண்டியின் சில்லை எண்ண மறந்தேன்.

“மூணு சில்லு வண்டிக்கு நாலு காய் வாங்குற மனுசன நம்பி வலப்பனைக்குப் போகப்போறேன்” என்றாள் என் மனைவி சரோஜா, யாரிடமோ சொல்வதுபோல. முனியாண்டியிடம் என்று நினைக்கிறேன்.

“மிச்சம் வந்தத வீசக்கூடாதும்மா. வண்டியிலேயே இருக்கட்டும். அதுவும் ஒரு காவல்தான்” என்றார் முத்தையா. நான் அதை வாங்கி, ஹேண்டிலுக்கு முன்னால் சாமான் வைக்கும் தட்டில் வைத்தேன். மூன்று காய்களையும் நசுக்கிக்கொண்டு வண்டி அரையடி முன்னால் போனது. டிக்கோயாவிலிருந்து எங்கள் பயணம் அப்படித் தொடங்கியது. காலை ஆறரைக்குப் புறப்படத் திட்டம். அப்போது ஏழே கால்.

இந்த வண்டி ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சரோஜாவின் ஒரே அக்கா விஜயா வலப்பனையில் இருக்கிறார். இவளுடைய வலது முழங்கால் மடங்க மறுத்ததிலிருந்து பஸ் ஏற முடியவில்லை. கடைசியாகப் போனபோது, கொழுந்து மூட்டையைத் தூக்குவதுபோல கொண்டக்டர் அவளை அள்ளி உள்ளே போட்டான். “இனி நான் பஸ்ல ஏறுனா என்னையப் பேரு சொல்லிக் கூப்பிடாதீங்க” என்றாள். அதோடு இரண்டு வருடம். அக்காவும் தங்கையும் போனில் முகம் பார்த்துக்கொண்டார்கள். போனில் முகம் பார்ப்பதும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பண்டத்தைப் பார்ப்பதும் ஒன்றுதான். பசி கூடும்.

ஆட்டோ தாழ்வானது. காலை மடக்காமலே உட்காரலாம். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததில் பெரும்பகுதியைக் கொடுத்து ஹட்டனில் பச்சை நிறத்தில் ஒன்று எடுத்தேன். விற்றவர் பாரூக் நானா; முஸ்லிம் கடைக்காரரை அண்ணன் என்ற முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். “கிளாக்கர், புது எஞ்சின். ஐந்நூறு கிலோமீற்றர் ஓடுற வரைக்கும் நாப்பதுக்கு மேல போக வாணாம்” என்றார். எனக்காகவே எழுதி வைத்த சட்டம்போல இருந்தது.

சரோஜா மட்டும் மசியவில்லை. எனக்கு நடக்கும்போதே கனவு காணும் பழக்கம் உண்டு. பேரேட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தவன் ஜன்னலில் மேகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மாதத்துத் தேதியைப் போட்டிருக்கிறேன். அவளுக்குத் தெரியாததா?

“ஒரு தடவ வலப்பனைக்குப் போயிட்டு வருவோம். போற வழியிலயோ வர்ற வழியிலயோ, ஒரே ஒரு தடவ நான் கண்ண மூடுனேன்னு வைங்க, மறுநாளே நானா கடையில கொண்டுபோய் வித்துடணும். நானும் ஆட்டோவும் அக்கா வீடும் எல்லாம் அதோட சரி.”

ஒப்புக்கொண்டேன். அதனால் இது உல்லாசப் பயணமில்லை, பரீட்சை. பரீட்சகர் பின் இருக்கையில் வளைந்த பிடியுள்ள குடையோடு உட்கார்ந்திருந்தார்.

குடை மழைக்கல்ல. என் கண் சாலையை விட்டு விலகினால் முதுகில் ஒரு குத்து. ஹட்டன் டவுனைத் தாண்டுவதற்குள் மூன்று வாங்கிவிட்டேன்.

எட்டரைக்குத் தலவாக்கலை. பனி இன்னும் விலகவில்லை. கீழே நீர்த்தேக்கம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. தண்ணீரா மேகமா என்று அதற்கே தீர்மானமில்லை. அக்கரையில் தோட்டத் தொழிலாளர் லயங்களின் தகரக் கூரைகள் மட்டும் மிதந்தன. நாற்பதுக்குக் கீழே போகும்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. நாம் நிற்கிறோம், மலைதான் நகர்கிறது. தேயிலைச் சரிவுகள் ஒவ்வொன்றாக வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டன. பழைய கதைகளில் பறக்கும் தேர்கள் வரும். அவற்றிலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று...

குத்து.

“லொறி வருது.”

லொறி வந்தது. பறக்கும் தேர்களின் பின் இருக்கையில் குடையோடு யாரும் உட்கார்ந்திருந்ததாக நான் படித்ததில்லை.

நானுஓயா ஏற்றத்தில் எங்களைப் பஸ்கள் முந்தின, மரக்கறி லொறிகள் முந்தின, கடைசியில் கரட் மூட்டை கட்டிய ஒரு மோட்டார் சைக்கிளும் முந்தியது. பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. பொலிஸ்காரர். வண்டியைப் பார்த்தார், காய்ந்துகொண்டிருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தார், பின்னால் இருந்த குடையைப் பார்த்தார்.

“அலுத் எக்கக்த?” புதுசா என்று சிங்களத்தில் கேட்டார்.

“ஓவ் சேர்.” ஆமாம் என்றேன்.

“ஹெமின் யன்ன, மஹத்தயா.” மெதுவாகப் போகச் சொல்கிறார். இதற்கு மேலும் மெதுவாகப் போனால் பின்னோக்கித்தான் போக வேண்டும்.

நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து பதில் போனது: “ஹரி சேர், மம இன்னவானே!” நான்தான் இருக்கிறேனே என்று அர்த்தம். பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டே எங்களைப் போகவிட்டார். எங்கள் இரண்டு பேரில் யார் ஓட்டுநர் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

பத்தரைக்கு நுவரெலியா. இரண்டாயிரம் ரூபாவுக்குப் பெற்றோல். பிளேன்டீ ஐம்பது ரூபா, வடை அறுபது. சரோஜா இறங்காமலே குடித்தாள். இறங்கினால் என் ஓட்டுதலை அங்கீகரித்ததுபோல ஆகிவிடும் என்று பயந்தாளோ என்னவோ. “இதுவரைக்கும் எப்படி?” என்று கேட்டேன். “இன்னும் எறக்கம் வரலியே” என்றாள்.

கந்தப்பளையில் லீக்ஸ் பாத்திகள் நீலப் பச்சையாகச் சீவி விட்டதுபோல் கிடந்தன. ராகலையைத் தாண்டியதும் பனி சட்டென்று முடிந்தது. யாரோ சீலையை இழுத்துக்கொண்ட மாதிரி. கீழே, வெகு கீழே, மஞ்சள் வெயிலில் ஒரு பள்ளத்தாக்கு. படிப்படியாக வயல்கள், நடுவில் நூல்போல ஒரு தண்ணீர். குளிர் நாட்டிலிருந்து வெயில் நாட்டுக்கு ஒரே வளைவில் வந்துவிடுகிறோம். ஸ்வெட்டருக்குள் உடம்பு கூச, வண்டி தன்பாட்டுக்கு இறங்க, அந்தத் தண்ணீருக்கு என்ன பேர் என்று எண்ணிக்கொண்டு...

இந்த முறை குத்து விழவில்லை. அவளும் பள்ளத்தாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவளுடைய அக்கா இருக்கிறார்.

வளைவு நெருங்கியது. பிரேக்கை மிதித்தேன். பாதி இறங்கி நின்றது. இன்னும் அழுத்தினேன். காலுக்கு அடியில் ஏதோ உருண்டையாக, பிடிவாதமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். முன் தட்டில் இருந்த காவல் தெய்வம் இறக்கத்தில் உருண்டு வந்து பிரேக்குக்கு அடியில் குடியேறியிருந்தது. வண்டிக்கு அப்போதுதான் உற்சாகம் பிறந்தது.

“சரோ, தேசிக்கா!”

வேறு எந்த ஊரிலும் யாரும் ஆபத்தில் இப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் அவளுக்கு உடனே புரிந்தது.

“கியரக் கொறைங்க! கால எடுங்க!”

“பிரேக்லேருந்தா?”

“எடுங்கங்கிறேன்!”

இறக்கத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுப்பது என்பது ஒரு மனிதன் தன் மனைவியை எவ்வளவு நம்புகிறான் என்பதற்கான சோதனை. பரீட்சை எனக்குத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். எடுத்தேன். என் இடது முழங்கைக்குக் கீழே குடை நுழைந்தது, தலைகீழாக. வளைந்த பிடி என் கணுக்காலில் ஒருமுறை அடித்துவிட்டு, காயைக் கொக்கிபோட்டு இடப்பக்கம் இழுத்தது. பச்சையாக ஒன்று என் பாதத்தைத் தாண்டி, திறந்த பக்கத்தால் வெளியே உருண்டது. மிதித்தேன். வண்டி முனகியது, சரிந்தது, நின்றது. நிற்கும்போது பின் சில்லுக்கு அடியில் ‘சத்’தென்று ஒரு சிறு சத்தம்.

வளைவுக்கு இன்னும் இடமிருந்தது. அதிகமில்லை.

இறங்கிப் பார்த்தேன். இடது பின் சில்லில் சாறு வழிந்து, சூடான தார் வாசனையோடு தேசிக்காய் வாசனை எழும்பியது. கீழே எங்கோ ஒரு மயில் அகவியது. உடனே ஏறி உட்கார மனம் வராததால் அந்தக் காட்சியின் அழகை ரசிக்க நல்ல அவகாசம் கிடைத்தது.

பின்னால் எட்டிப் பார்த்தேன். அவள் குடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கண்ண மூடுனியா?” என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“மூடிக்கிட்டா காய யாரு எடுக்கிறது?” என்றாள். பிறகு சில்லை எட்டிப் பார்த்து, “இப்பத்தான் பூசை முடிஞ்சிருக்கு. போங்க, அக்கா சோறாக்கி வச்சிருக்கும்” என்றாள்.

பன்னிரண்டரைக்கு வலப்பனை. விஜயா மதினி வாசலில் நின்றார். இரண்டு வருடப் பிரிவு. கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று நான் மரியாதையாகத் தள்ளி நின்றேன்.

“என்னடி இப்படி ஊதிப்போயிட்ட? போன்ல மெலிஞ்சு தெரிஞ்ச?”

“நீ மட்டும் என்னவாம்? தலைக்குச் சாயம் பூசுனத போன்ல காட்டவேயில்ல?”

அவ்வளவுதான். ஆனால் சாப்பாடு முடியும்வரை மதினியின் கை சரோஜாவின் முழங்காலில்தான் இருந்தது. ரொட்டி மாவை அமுக்குவதுபோல அமுக்கிக்கொண்டே மதினி ஊர்க்கதை சொன்னார். நான் போய் வண்டியைக் கழுவினேன். இடது பின் சில்லை மட்டும் விட்டுவிட்டேன்.

இரண்டு மணிக்குக் கிளம்பும்போது மதினி தோட்டத்து மரத்திலிருந்து பறித்து நிரப்பிய பை ஒன்றை நீட்டினார். வலப்பனை வெயிலில் தேசிக்காய் நன்றாகக் காய்க்கும்.

“தம்பி, வண்டிக்கு நல்லது. முன்னால வச்சுக்கங்க.”

“முன்னால வச்ச லட்சணத்த ஏன் கேக்குற” என்று சரோஜா பையை வாங்கி, அதன் வாயில் மூன்று முடிச்சுப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டாள். “ஊறுகா போட்டு அடுத்த மாசம் கொண்டாறேன்.”

அடுத்த மாதம் என்று சொன்னதை நான் கேட்டேன். கேட்காதவன்போல எஞ்சினைக் கிளப்பினேன்.

ஏற்றத்தில் வண்டி பாடிக்கொண்டு ஏறியது. ராகலையில் பனி எங்களுக்காகக் காத்திருந்து திரும்பவும் போர்த்தியது. வலப்பனை வெயில் பின்னால் ஒரு துண்டாகச் சுருங்கி மறைந்தது. ஒரே மாவட்டத்தில் இருந்துகொண்டு எங்கள் டிக்கோயாவுக்கு மழையும் மதினிக்கு வெயிலும் கிடைத்திருக்கின்றன. யாருக்கு யார் மேல் பொறாமை என்று யோசித்தேன். வெகுநேரம் யோசித்திருக்க வேண்டும். ஏனென்றால் கந்தப்பளை தாண்டியும் முதுகில் ஒரு குத்தும் விழவில்லை.

அந்தக் குத்து இல்லாதது முதுகில் குளிராக உறைத்தது. கண்ணாடியில் பார்த்தேன்.

குடை இருக்கையில் கிடந்தது. மடியில் தேசிக்காய்ப் பை. வலது காலை நேராக நீட்டி, தலையைத் துணிக் கதவில் சாய்த்து, வாய் சற்றே திறந்திருக்க, சரோஜா இரண்டு கண்ணையும் மூடியிருந்தாள்.

பேச்சுப்படி நாளை காலையில் வண்டியை நானா கடைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே ஒரு தடவை என்றுதான் சொன்னாள். எந்தக் காரணத்துக்காக என்று சொல்லவில்லை. நான் முன்னால் திரும்பிக்கொண்டேன். வேகத்தை முப்பதுக்குக் குறைத்தேன். அங்கிருந்து டிக்கோயா வரைக்கும், மேகங்கள் இரண்டு பக்கமும் வந்து வந்து கூப்பிட்டும், சாலையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.