கண்ணைக் கட்டிக் கேட்ட பாட்டு

போன வாரம் சலூனில் ஷேவிங் கிரீம் மணம் மூக்கில் ஏறியதும் தனசேகர் நினைவுக்கு வந்துவிட்டான். அவனோடு ஓர் ஆம்ப்ளிஃபயரும். சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன்.

கல்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தனசேகர், பாஸ்கர், நான் மூவரும் சதுரங்கப்பட்டினத்தில் கடலோரம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மூவருக்கும் மீசை நன்றாக வரும்; சமையல்தான் வராது. பாஸ்கரிடம் அவனே செய்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருந்தது. தொட்டால் சில சமயம் ஷாக் அடிக்கும். ஒருநாள் தனசேகர் ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். அன்றிலிருந்து பாஸ்கருடையது அவனுக்குத் தகர டப்பா.

"கண்ணக் கட்டிவுட்டாக்கூட எது என்னுதுன்னு சொல்லிடுவேன், மச்சான்."

"சொல்லலைன்னா?" என்றான் பாஸ்கர்.

"மீசைய எடுத்துடறேன்."

மறுநாள் செங்கல்பட்டில் அவனுக்குப் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. அது தெரிந்தும் சொன்னான், அவ்வளவு நம்பிக்கை.

துண்டால் கண்ணைக் கட்டினோம். சத்தம் கூடுதலாக இருந்தால் அதுவே நன்றாக இருப்பதாகத் தோன்றும் என்று பாஸ்கர் இரண்டிலும் ஒலியைச் சமமாக வைத்தான். ஒரே ஸ்பீக்கர், ஒரே நாகஸ்வர கேசட். ஆம்ப்ளிஃபயரை மட்டும் மாற்றி மாற்றி இணைத்தோம்.

"இதான்! இன்னா ஒரு குளுமை! இதான் என்னுது" என்றான் தனசேகர், தலையை ஆட்டிக்கொண்டே. துண்டை அவிழ்த்தால் தகர டப்பா பாடிக்கொண்டிருந்தது. இன்னொரு வாய்ப்பு கேட்டான். மறுபடியும் அதையே மெச்சினான்.

"கடல் எரைச்சல்ல இன்னாடா கேக்கும்? அலைய நிறுத்தச் சொல்லு!"

விழுந்து விழுந்து சிரித்த பாஸ்கரை அவன் விடவில்லை. "நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்கடா பாக்கலாம், அதே பந்தயம்!" கண்ணைக் கட்டியதும் பாஸ்கர், தான் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஜப்பான்காரனைத் தனது என்றான். அடுத்து என் முறை. அதைக் கேட்காதீர்கள். அன்று மாலை ஒரே கண்ணாடி முன்னால் மூன்று மீசைகள் போயின.

பெண் வீட்டுக்குத் துணையாக நாங்களும் போனோம். காபி கொண்டுவந்த பெண் மழமழவென்ற மூன்று முகங்களையும் பார்த்துவிட்டுத் தன் அண்ணியிடம் கிசுகிசுத்தது கூடம் முழுக்கக் கேட்டது: "போட்டோவுல இருந்தவரு வர்லியா?"

தனசேகர் எழுந்து நின்று நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டான். முடிப்பதற்குள் வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. பெண்தான் முதலில் சிரித்தாள். "அந்தத் தகர டப்பாவ நானும் கேக்கணும்" என்றாள்.

தை மாதம் கல்யாணம்.

இன்று அந்த வீடு இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். பாட்டு அவரவர் காதுக்குள் தனித்தனியாக ஓடுகிறது, துல்லியமாகத்தான் இருக்கிறது. ஒரே அறையில் ஒரே பாட்டைக் கேட்டு, அதற்காக அடித்துக்கொள்ளத்தான் ஆள் கிடைப்பதில்லை.