நல்லெண்ணெய் பூசிய துவக்கு

கடையில் கருவாட்டுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது பிலோ அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, இவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். அவருடைய கணவர் சூசை அண்ணை, தான் வேலை செய்த உணவகத்தின் சமையலறையில், வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றபடியே சரிந்து விழுந்தார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். பாரிசு லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எங்கள் கடைக் கண்ணாடியில் எத்தனையோ பேரின் மரண அறிவித்தலை என் கையால் ஒட்டியிருக்கிறேன். அவருடையதை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. முதலாளிதான் ஒட்டினார்.

லாச்சப்பலில் உங்களில் பலருக்கு அவர் 'காட்டுப்பண்டி அண்ணை'. குளிர்காலத் திங்கட்கிழமைகளில் குளிர்ப்பெட்டியோடு வந்து, முதல்நாள் வேட்டையில் விழுந்த பன்றியின் இறைச்சியைக் கடை கடையாகப் பங்கு வைத்துக் கொடுப்பார். "மிளகைக் கூடப் போடுங்கோ, இது சூப்பர்மார்க்கெட் பண்டியில்லை" என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வார். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சண்டைக்குத் தப்பி ஓடி வந்தவருக்கு என்ன துவக்கு ஆசை என்று முதுகுக்குப் பின்னால் கேட்டவர்களும் உங்களில் உண்டு. நான் முகத்துக்கு நேரே கேட்டேன். "ஊரிலை துவக்கு ஒருநாளும் ஓய்ஞ்சதில்லை. பின்னேரமானால் பூட்டி வைக்கிற துவக்கை நான் இஞ்சைதான்ரா கண்டனான். அதை என்ரை கையாலை ஒருக்காப் பூட்டிப் பாக்கவேணும்" என்றார்.

அவருடைய உணவக முதலாளி ஜெரார், ஓர்லியோன் நகருக்கு அப்பால் ஒரு காட்டில் வேட்டைக் குழு ஒன்றை நடத்துகிறவர். அவர்தான் அண்ணையை அழைத்தார். வேட்டை அனுமதிப் பரீட்சைக்கு அண்ணையும் நானும் சேர்ந்தே போனோம். அவர் தேறினார், நான் கோட்டை விட்டேன். அதனால் துவக்கு இல்லாமல், பன்றிகளைக் கலைக்கிறவர்களோடு கத்திக்கொண்டு நடப்பதும் கார் ஓட்டுவதும் என் வேலையாயின.

பிலோ அக்கா இதற்குச் சம்மதித்ததே பெரிய விஷயம். ஊரில் அவர் சிறுமியாக இருந்தபோது, ஆயுதக்காரர் சிலர் ஒரு மாரிகாலம் முழுக்க அவர்கள் வீட்டு விறாந்தையில் தங்கியிருந்தார்கள். இரவில் துவக்குகளைக் கழற்றித் துடைப்பார்கள். போகும்போது அக்காவின் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. துவக்கு எண்ணெயின் மணம் மட்டும் விறாந்தையில் நெடுநாள் நின்றதாம். "வேட்டைக்குப் போறதெண்டால் போங்கோ. ஆனா அந்த மணம் என்ரை வீட்டுக்குள்ளை வரப்படாது" என்று அக்கா சொல்லிவிட்டார். பாரிசின் புறநகரான திரான்சியில் அவர்கள் வீடு இரண்டே அறை. ஒரு மணத்தை எங்கே ஒளித்து வைப்பது?

இந்த இடத்தில்தான் அண்ணை ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். துவக்குக்கு எண்ணெய் போடத்தான் வேண்டும். தேங்காயெண்ணெய் பாரிசுக் குளிரில் போத்தலிலேயே கட்டியாகிவிடும். நல்லெண்ணெய் உறையாது, அதன் மணமும் அக்காவின் குசினிக்குப் பழகியது. ஆகவே துவக்கை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி நல்லெண்ணெய் பூசினார். நம்மவர் மூளைக்குத்தான் இப்படியொரு யோசனை வரும். மழைக்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லை.

தை மாதத்தில் நிலம் இறுகி, புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்த ஒரு காலையில் அது காலை வாரிவிட்டது. அண்ணை ஒரு பன்றியைச் சுட்டார். அது விழுந்து எழுந்தது. அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்ற, தாழ்போன்ற போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினார். போல்ட் வெறுமனே போய் மூடிக்கொண்டது. தோட்டா அடியில், துவக்கின் தோட்டாப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. மறுபடி இழுத்தார், மறுபடியும் வெறுமை. காயப்பட்ட பன்றி புதருக்குள் போய்விட்டது. மற்றவர்கள் மதிய உணவுக்குத் திரும்ப, அண்ணை மோப்ப நாய்க்காரரோடு பொழுதுபடும்வரை அதன் இரத்தத் தடத்தைத் தேடி நடந்தார். "நான் குடுத்த நோ, நான்தான் முடிக்கவேணும்" என்றார். கண்டுபிடித்து, வேறொருவரின் துவக்கால் முடித்துவிட்டுத்தான் வந்தார். அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

வேட்டைக் குடிலில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தோட்டா பிழை என்றார் ஒருவர், கையுறையோடு போல்ட்டை முழுக்க இழுத்திருக்க மாட்டாய் என்றார் இன்னொருவர். அண்ணை யாரோடும் வாதாடவில்லை. வெடிமருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கையுறையைக் கழற்றி முழுக்க இழுத்துப் பார்த்தார், ஏறவில்லை. ஜெராரின் துவக்கும் அதே வகை; அவருடைய தோட்டாப் பெட்டியை வாங்கி மாட்டினார், ஏறியது. அப்படியானால் குற்றம் தன் பெட்டியில். அதை அடுப்பருகே வைத்துச் சூடாக்கினார், தோட்டாக்கள் ஒழுங்காக மேலே வந்தன. திரும்பக் குளிரில் வைத்தார், அடைத்துக்கொண்டது. அடித்தட்டைக் கழற்றினார். தோட்டாக்களை மேலே தள்ளும் ஸ்பிரிங்கில், புகைக்கரியோடு சேர்ந்து, நல்லெண்ணெய் பாகுபோல் அப்பிக் கிடந்தது. நான் பொறுமையிழந்து, இரண்டு தட்டுத் தட்டினால் சரிவரும் என்றேன். "வராததைப் போட்டு அடிக்காதை. ஏன் வரேல்லை எண்டு பார்" என்றார்.

ஜெரார் அதை விரலில் தொட்டு முகர்ந்தார். "சூசை, இது சலாட்டுக்கு ஊற்றுகிற எண்ணெயா?" என்று பிரெஞ்சில் கேட்டார். குடிலே சிரித்தது. அதன்பிறகு அவருக்கு அங்கே 'சலாட்' என்றுதான் பேர். அண்ணையும் கூடச் சிரித்தார். காரணத்தை அவர்களுக்குச் சொல்லவில்லை. மனைவியின் நோவை அந்நியர் மேசையில் வைக்க அவருக்குச் சம்மதமில்லை. திரும்பும் வழியில் காரில் என்னிடம்தான் எல்லாவற்றையும் சொன்னார். "இதை அவவிட்டைச் சொல்லிப்போடாதை. தன்னாலைதான் எண்டு நினைப்பா."

அதற்குப் பிறகு அவர் கண்ட வழி இது. வேட்டை முடிந்ததும் எல்லோரும் குடிலுக்குள் வைனும் இறைச்சியுமாக உட்காருவார்கள். அண்ணை மட்டும் வெளியே தாழ்வாரத்தில் நின்று துவக்கைக் கழற்றுவார். கழுவும் மருந்தை ஊற்றிப் பழைய எண்ணெயெல்லாம் எடுப்பார். தோட்டாப் பெட்டியையும் ஸ்பிரிங்கையும் ஒரு சொட்டு எண்ணெயும் இல்லாமல் உலரத் துடைப்பார். கடும் குளிருக்கு அதுதான் மருந்து. குழலுக்கு மட்டும் நீர்த்த எண்ணெயை மெல்லிசாகப் பூசி, கையோடு துடைத்தெடுத்து, மணம் போகும்வரை காற்றில் பிடித்துக்கொண்டு நிற்பார். காருக்கு வந்ததும் இரண்டு கையையும் என் மூக்குக்கு முன்னால் நீட்டுவார். "மணந்து பார்." கொஞ்சம் மணத்தாலும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் இறங்கித் திரும்பவும் சவர்க்காரம் போடுவார். குளிரில் அந்தக் கைகள் வெடித்திருக்கும். நான் மேசையிலிருந்து சுற்றிக்கொண்டு வந்த பாண் துண்டையும் இறைச்சியையும் காரிலே சாப்பிடுவார்.

வேட்டையின் பாதி, சேர்ந்து உண்பதுதான் என்பது அவர்கள் எண்ணம். "எங்கள் மேசை உன் சிநேகிதனுக்குப் பிடிக்கவில்லையா?" என்று ஜெரார் என்னிடம் மனம் நொந்து கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளும் என்றேன். அதைவிட மடத்தனமான பொய்யை நான் சொன்னதில்லை.

அடக்கம் முடிந்த பிறகு, துவக்கை ஆயுதக் கடையில் ஒப்படைக்கவேண்டும், வந்து எடுத்துப் போ என்று அக்கா கூப்பிட்டார். துவக்கைப் பூட்டி வைத்திருந்த இரும்பு அலுமாரியை நான் திறந்தபோது அவர் குசினி வாசலிலேயே நின்றார். "ஞாயிறுகளிலை வந்து, சாப்பிட்டாச்சு எண்டு படுத்திடுவார். அவையளோடை கூடியிருந்து குடிச்சுச் சாப்பிட்டிட்டு வாறவருக்கு என்ரை சோறு என்னத்துக்கு எண்டு கோவத்திலை நானும் சாப்பிடச் சொல்லிக் கேக்கிறேல்லை, தம்பி" என்றார். அந்தக் கோபத்தோடு அவரை இருக்கவிட என்னால் முடியவில்லை. சொல்லாதே என்று கேட்டவர் இப்போது இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா கதிரையில் இருந்துவிட்டார். "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு எழுந்து வந்து, வாழ்நாளில் முதல் தடவையாக அந்தத் துவக்கருகே குனிந்து முகர்ந்தார். "ஒண்டும் மணக்கேல்லை, தம்பி. அவரின்ரை மணங்கூட இல்லை." அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அழுதோம். அதை ஏன் மறைக்கவேண்டும்?

அண்ணையிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, வராததை அடிக்காமல் ஏன் வரவில்லை என்று பார்க்கும் அந்தப் பொறுமையைத்தான். எனக்கு அது இன்னும் பழகவில்லை.

போன கிழமை ஜெரார் லாச்சப்பலுக்கே தேடி வந்து ஒரு பையைத் தந்தார். அண்ணை குடிலிலேயே கழற்றி மாட்டிவிட்டு வரும் வேட்டைச் சட்டை. பையைத் திறந்ததும் துவக்கு எண்ணெயும் புகையும் அவருடைய வியர்வையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. இதை எப்படி அந்த வீட்டுக்குக் கொண்டு போவது என்று தெரியாமல் அக்காவுக்கே அழைத்தேன். தோய்த்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், தம்பி. அந்த மணத்தோடையே கொண்டு வாங்கோ."