நாற்பத்தொரு கட்டைவிரல்கள்

சீட்டை எடுத்ததும் படிக்கமாட்டார். முதலில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். பிறகு கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டுவார். பேனா எங்கே அழுந்தியது, எங்கே தயங்கியது, எழுதியவர் அவசரத்தில் இருந்தாரா பயத்தில் இருந்தாரா என்பதெல்லாம் அந்தத் தடவலிலேயே தெரிந்துவிடுமாம். அதற்கப்புறம்தான் சீட்டைத் திருப்பி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார். அதுவும் அவ்வளவு அக்கறையாக இல்லை.

"என்ன எழுதியிருக்காங்கன்றது எனக்கு எதுக்கு? யாரு எழுதினாங்கன்றதுதான் என் வேலை" என்றார்.

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில், விடைத்தாள்களில் ஆள்மாறாட்டம் கண்டுபிடிப்பது அவருடைய உத்தியோகம். முப்பத்தொரு வருஷம் ஆகிறது. மாணவர்கள் வைத்த பெயர் எக்ஸ்ரே அம்மா. அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. யார் முதலில் வைத்தது என்பதையும் கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறார். வகுப்புப் பெஞ்சில் காம்பஸ் முனையால் கீறியிருந்தானாம்.

என்னைச் சிலையைப் பற்றி எழுதத்தான் பத்திரிகை ஆசிரியர் அனுப்பினார். முன்வாசலில் நிற்கிறாரே அந்தக் கவர்னர் துரை, அவரைப் பற்றி. இந்தப் பல்கலைக்கழகத்துக்கு நிலம் கொடுத்தவர் என்று பீடத்தில் பொறித்திருக்கிறது. மூன்று ஊரைக் காலி செய்துவிட்டு அந்த நிலத்தைத்தான் கொடுத்தார் என்பது பீடத்தில் இல்லை. சிலையை எடுக்க வேண்டும் என்று ஒரு கூட்டம், இருக்கட்டும் அதுவும் வரலாறுதானே என்று ஒரு கூட்டம். நடுவில் நிர்வாகம் ஒரு பெட்டி வைத்தது. ஒருவருக்கு ஒரு சீட்டு. பெயர் வேண்டாம், கருத்தை மட்டும் கையால் எழுதிப் போடுங்கள். ஒன்றுக்கு மேல் போட்டால், தேர்வில் முறைகேடு செய்தவர்களுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. பெட்டியைத் திறந்து, சீட்டுகளைச் சரிபார்த்து, "இவை தனித்தனி ஆட்கள் எழுதியவையே" என்று சான்று கொடுக்க எக்ஸ்ரே அம்மாவை நியமித்தார்கள். நான் சிலையை விட்டுவிட்டு அவருடைய அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உட்கார்ந்தேன் என்று சொன்னது தப்பு. உட்கார விடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "ஒரு வரி எழுதுங்க. எது வேணா எழுதுங்க" என்றார். எழுதினேன். தடவிப் பார்த்தார். "நீங்க ஒரு வேலையையும் முடிக்கிற ஆளு இல்ல. எல்லா எழுத்துக்கும் வால் பாதியில நிக்குது" என்று சொல்லிவிட்டு, தாளை மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். பூட்டிய பிறகு மூன்று முறை இழுத்துப் பார்த்தார். மறுநாள் எதற்கு அந்தத் தாள் என்று கேட்டேன். "பெட்டியில நீங்களும் ஒண்ணு போட்டிருந்தா?" என்றார்.

அறை சின்னது. மூன்று இரும்பு பீரோ, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வடக்குப் பார்த்த ஒரு ஜன்னல். டியூப்லைட் உண்டு, போடமாட்டார். "அது எல்லா மையையும் ஒரே மாதிரி காட்டும் தம்பி. பகல் வெளிச்சம்தான் காட்டிக்கொடுக்கும்." ஜன்னலில் எட்டிப் பார்த்தால் துரையின் முதுகு தெரியும். கோட்டு வாலில் புறா எச்சம். பின்னால் கட்டிய கையில், சுருட்டிய ஒரு காகிதம்.

சந்தேகம் அவருக்கு வேலையோடு நின்றுவிடவில்லை. பதினைந்து வருஷமாக ஒரே கடையில் காய்கறி வாங்குகிறார், இன்னும் தராசு முள்ளைக் குனிந்துதான் பார்க்கிறார். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது நீங்க எழுதினதா, நர்ஸ் எழுதினதா?" என்று டாக்டரிடமே கேட்டிருக்கிறார். நர்ஸ் எழுதியதுதானாம். உறவில் ஒரு கல்யாணத்துக்கு வந்த பத்திரிகையில் முகவரி எழுதியது மாப்பிள்ளையின் அக்கா என்று கண்டுபிடித்து, "அந்த வீட்டுல அக்கா வெச்சதுதான் சட்டம், பொண்ணு பேச்சு எடுபடாது போல" என்று பெண் வீட்டாரை எச்சரித்தாராம். அது பலித்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறேன் என்று கேட்பார்.

நகல் என்றால் அவருக்கு ஆகாது. யாராவது ஜெராக்ஸ் கொண்டுவந்தால் வாங்காமலே திருப்பி அனுப்புவார். "நகலுக்கு முதுகு கிடையாது. தடவினா வழுவழுன்னு இருக்கும். அசல் கொண்டா." அவர் எழுதும் ஒவ்வொரு அறிக்கையிலும் அசல் தாள்களைக் குண்டூசி குத்தி இணைத்திருப்பார். அப்படி இணைத்தது ஒருநாளும் திரும்பி வராது. ஆவணக் காப்பறைக்குப் போய்விடும்.

முதல் நாள் மாலை, நான் கேட்காமலே நூலகத்துக்கு அழைத்துப் போனார். வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நிலப் பத்திரம் வைத்திருக்கிறார்கள். மூன்று ஊர்க் குடிகளும் மனமுவந்து நிலத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்று ஆறு வரி. கீழே நாற்பத்தொரு பெருவிரல் ரேகைகள். கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"எண்ணிப் பாருங்க."

"நாற்பத்தொண்ணு இருக்கு மேடம்."

"ரேகை நாப்பத்தொண்ணு. விரல் எத்தனை?"

எனக்கு எல்லாம் மைக்கறையாகத்தான் தெரிந்தது. எட்டு நாள் சாயங்காலம் வந்து நின்று பார்த்திருக்கிறாராம். நாலாவது ரேகையில் உள்ள தழும்பு பதினொன்றிலும் இருக்கிறது, இருபதிலும் இருக்கிறது. "ஏழு பேரு தம்பி. ஏழு பேரை உக்கார வெச்சு மாத்தி மாத்தி அமுக்கி எடுத்திருக்கான். மூணு ஊரு சம்மதம்." அப்போதிருந்த துணைவேந்தருக்கு எழுதிப் போட்டிருக்கிறார். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அதையும் தடவிப் பார்த்தாராம். துணைவேந்தர் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தாராம்.

இதைத் துணைவேந்தர் கேட்கவில்லையே தவிர, வீட்டில் சாப்பிடும்போது மகள் கேட்டிருக்கிறாள். இதே பல்கலைக்கழகத்தில் இறுதி வருஷம் படிக்கிற மகள். கையைக்கூடக் கழுவாமல் அந்தக் கதையை இரண்டு முறை சொல்லச் சொன்னாளாம். சிலையை எடுக்கச் சொல்லி முதல் தட்டி பிடித்தவளும் அவள்தான். எக்ஸ்ரே அம்மாவுக்கு அதில் பெருமையா பயமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் முகத்தைத் தடவிப் பார்க்க முடியாதே.

இரண்டாம் நாள் கட்டுகள் பிரிந்துகிடந்தன. மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு. சிலை இருக்கட்டும் என்பவை ஆயிரத்து இருநூற்று நாற்பது. எடுக்கச் சொல்பவை ஆயிரத்து எழுபத்தெட்டு. ஒன்றில், "இருக்கட்டும், ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள்" என்றிருந்தது. இன்னொன்றில், "எடுத்துவிட்டால் நான் சைக்கிளை எந்த நிழலில் நிறுத்துவது?" அவர் இரண்டுக்கும் சிரிக்கவில்லை. இருக்கட்டும் பக்கத்திலிருந்து முந்நூற்று நாற்பது சீட்டுகளைத் தனியே எடுத்து வைத்திருந்தார். நாலே நாலு கை.

"பாருங்க, பேனாவை மாத்தியிருக்காங்க. சாய்வை மாத்தியிருக்காங்க. ஆபீஸ்ல சுற்றறிக்கை எழுதி எழுதிப் பழகின கை. தேதி போடற இடத்துல தானா ஒரு கோடு இழுக்குது." பதிவாளர் அலுவலகச் சுற்றறிக்கைகள் நாலை டிராயரிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எனக்கே தெரிந்தது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

பதிவாளர் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தார். பதினாறு வருஷமாக இந்த அறைக்கு வராதவர். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெளியே மழை வருமா என்று விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, பெரிய பெட்டி. நாலு சீட்டு முன்ன பின்ன இருக்கும். ரெண்டு பக்கமும் இருக்கும். ரெண்டு பக்கமும் விட்டுட்டா யாருக்கும் நஷ்டமில்ல. பாப்பாவுக்கும் பரீட்சை வருது" என்றார். வரவழைத்த தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

கதவு சாத்தியதும் எக்ஸ்ரே அம்மா கைப்பையைத் திறந்து உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார்.

"பதினாறு வருஷம் மேடம் மேடம்னு கூப்பிட்டவரு. இன்னைக்கு அக்கான்றாரு." அவர் விட்டுப்போன தேநீரை ஓரமாகத் தள்ளி வைத்தார். "பாப்பாவுக்குப் பரீட்சைன்னா, அதுக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?"

எண்ணி மட்டும் வைத்திருந்த, எடுக்கச் சொல்லும் கட்டை அப்போதுதான் தடவிப் பார்க்க எடுத்தார். நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அறுபத்து மூன்று சீட்டுகள் தனியே இருந்தன. அவர் கண்கள் சிவந்திருந்தன. சொல்லும்போது குரல் மட்டும் எப்போதும்போல இருந்தது.

"முதல்ல பாத்தப்ப என் கையெழுத்து மாதிரியே இருந்துச்சு. என் மேலயே சந்தேகப்பட்டுட்டேன் தம்பி." 'நிலம் இழந்தவர்களை நினையுங்கள்' என்றொரு சீட்டு. 'இது நமக்கு இழிவு' என்று இன்னொன்று, பச்சை மையில், இடப்பக்கம் சாய்த்து. எழுத்தெல்லாம் வேறு வேறு. ழகரத்தின் வால் மட்டும் அத்தனையிலும் கீழே போய் வளைந்து மேலே வந்து எழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. "ஊர்ல யாரும் அப்படி எழுதமாட்டாங்க. எங்க வாத்தியார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கையைப் பிடிச்சு."

நான் மனக்கணக்குப் போட்டேன். இரண்டு பக்கக் கள்ளச்சீட்டையும் கழித்தால் சிலைக்குத் தொள்ளாயிரம். எடுக்கச் சொல்பவை ஆயிரத்துப் பதினைந்து. அவரும் போட்டிருந்தார். "இந்த அறுபத்து மூணும் இல்லாமலே ஜெயிச்சிருப்பாங்க. அவளுக்குத் தெரியாது." அறிக்கை கொடுத்தால் மகளுக்கு ஒரு வருஷம் தேர்வு எழுதத் தடை. இறுதித் தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. கொடுக்காவிட்டால் துரை ஜெயித்தார், மகளும் பிழைத்தாள். பதிவாளர் கெட்டிக்காரர்தான்.

மதியம் வீட்டுச் சாவி வாங்க மகள் வந்தாள். மேசையைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உக்காரு. ஒரு வரி எழுது" என்று அம்மா வெள்ளைத் தாளை நீட்டினார், எனக்கு நீட்டியதுபோலவே.

"எழுதமாட்டேன்."

"எழுது பாப்பா."

"அவங்க கட்டுக்கட்டா எழுதிப் போடறாங்கம்மா. நாங்க மட்டும் யோக்கியமா இருந்து தோத்துப் போகணுமா? அந்த ஏழு விரலை எனக்குக் காட்டினதே நீதானே?"

"ஆமா, நான்தான் காட்டினேன். ஏழு பேரு நாப்பத்தொரு பேரா ஆனதைக் காட்டினேன். நீ ஒருத்தி அறுபத்து மூணு பேரா ஆயிருக்க. உன்னை நான் எந்தக் கண்ணாடிப் பெட்டியில வெக்கிறது?"

மகள் சாவியை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, திரும்பாமல், "நான் எழுதித் தரமாட்டேன். மாதிரி இல்லாம நீ ரிப்போர்ட் போட முடியாது. பழைய விடைத்தாள் வேணும்னா பதிவாளர் கையெழுத்து வேணும். அவர் போடமாட்டாரு" என்றாள். அம்மாவின் சட்டம் அம்மாவைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அது மிரட்டலா, அம்மா தப்பித்துக்கொள்ள அவள் திறந்துவிட்ட கதவா என்பது எனக்கு இப்போதும் சந்தேகம்தான்.

எக்ஸ்ரே அம்மா அறிக்கையை எழுத ஆரம்பித்தார். முந்நூற்று நாற்பது சீட்டுக் கட்டின்மேல் பதிவாளர் அலுவலகச் சுற்றறிக்கைகள் நாலையும் வைத்துக் குண்டூசி குத்தினார். அறுபத்து மூன்று சீட்டுக் கட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். அதன்மேல் குத்த மாதிரி எதுவும் இல்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். கையெழுத்துமா வேறாக இருக்கிறது, இந்த வீட்டில்?

பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்தார். டப்பாவுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம். மடிப்புகள் நைந்திருந்தன. அம்மாவும் மகளும் மட்டுமே உள்ள வீடு. ஒருத்தி வரும்போது மற்றவள் இருக்கமாட்டாள். அடுப்பு மேடையில் சீட்டு எழுதி வைப்பது வழக்கம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். இது எந்த வருஷத்துச் சீட்டோ தெரியாது. என்னிடம் காட்டினார். 'அம்மா, சாப்பிட்டுவிட்டேன். மழை வந்தால் துணியை எடு. நேற்றுப் பேசியதற்குக் கோபம் வேண்டாம். நீ இல்லாமல் எனக்கு யார்.'

மழையின் வால் கீழே போய் வளைந்து மேலே வந்திருந்தது.

எழுந்து நடைக்கூடத்துக்குப் போனார். ஜெராக்ஸ் இயந்திரத்தின் சத்தம் ஒருமுறை கேட்டது. இரண்டு தாள்களோடு திரும்பி வந்தார். பழைய சீட்டைக் கட்டின்மேல் வைத்து, ஓரம் பார்த்து, குண்டூசி குத்தினார். இன்னும் சூடு ஆறாதிருந்த நகலைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் கட்டைவிரலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை ஓட்டினார். பிறகு அதை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.