அடுப்படிக்காரியின் பதில்

அக்கா போய் ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரில் எல்லோரும் அவரை வாயாரப் புகழ்ந்திருக்கிறார்கள். அவருடைய ஒரே தங்கையான நான் என் பொறாமையை எழுதுகிறேன். பொய் எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது.

தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அக்கா பிறந்தார். அம்மா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டு, பிள்ளைக் காம்பராவில் தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். என்னை வளர்த்து ஆளாக்கியவர் அவரே. அதனால் அக்கா எனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு வேதக்காரக் குடும்பம் கொழும்புக்குக் குடிபோனபோது, ஒரு பழைய வேதாகமத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனது. நெற்றித் திருநீறோடு அக்கா அதை வாசித்தார். மதம் மாறப் போகிறார் என்று பேச்சு கிளம்பியது. அவர் சட்டை செய்யவில்லை. அதைக் கதையாகவே படித்தார். யார் பேசுகிறார், யார் வாய் திறக்கவில்லை, எழுதியவர் எங்கே நிறுத்திவிட்டார் என்றெல்லாம் பார்ப்பார். ஞாயிறு பகலில் அதைக் கேட்கக் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டில் கூடிவிடுவார்கள். அத்தனை பேருக்கும் தேநீர் ஊற்றுவது என் வேலை. அவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் இரு சகோதரிகளின் கதை வந்தது. வீட்டுக்கு வந்த இயேசுவின் காலடியில் ஒருத்தி அமர்ந்து கேட்கிறாள். தனியாக வேலை செய்யும் மற்றவள் முறையிடுகிறாள். அமர்ந்தவளே நல்லதைத் தெரிந்துகொண்டாள் என்கிறார் அவர். பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தட்டைப் பொத்தென்று வைத்துவிட்டு வெளியே போனேன். இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அக்கா அடுப்படிக்கு வந்தார்.

“அந்த அடுப்படிக்காரி வாயத் தொறந்து கேட்டதாலதான் அங்க கதையே இருக்கு. அதுக்கப்புறம் அவ என்ன சொன்னான்னு எழுதுனவரு சொல்லல. நீயா இருந்தா என்ன சொல்லுவ?”

“என்னையும் ஒரு நாளாச்சும் கூப்பிட்டு உக்கார வச்சியாக்கான்னு கேப்பேன்.”

அடுத்த ஞாயிறு அக்கா என்னை முன்னறையில் உட்கார வைத்துவிட்டு, தேநீர் ஊற்றத் தானே எழுந்து போனார். பெண்கள் அனைவரும் அவர் பின்னாலேயே அடுப்படிக்குப் போய்விட்டார்கள். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் நெஞ்சுச் சளி முற்றி பதுளை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், பக்கத்துக் கட்டில்காரர்கள் அவரிடம் கதை கேட்டார்கள். அவரை அன்போடு பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் நன்றி.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், அன்று அந்தப் பெண்கள்தான் தங்கள் வீடுகளிலிருந்து எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தார்கள். நான் அக்காவின் தலைமாட்டிலேயே இருந்தேன். தாங்களும் அக்கா அருகில் உட்கார, என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்கள். நான் நகரவில்லை. அதைப் பொறுத்துக்கொண்டு எனக்கும் ஒரு கோப்பை கொடுத்த அத்தனை பேருக்கும் என் நன்றி.