நீலமாக இருக்க வேண்டிய குழாய்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர வருமா பெரிய ற வருமா என்று யோசிப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. உங்கள் கல்லூரி மலருக்கு நான் எழுதியே ஆக வேண்டும் என்று என் மகளோடு அங்கே படிக்கும் தம்பி தினகரன் பிடிவாதமாக இருந்தான். பிழைகளைத் திருத்துவதும் அவன் பொறுப்பு. பயோகெமிஸ்ட்ரி புத்தகத்தை முதல்முறை திறக்கப்போகும் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள் என்றான்.

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவது என் வேலை. வீட்டின் பின்கட்டில்தான் பட்டறை. நூலைக் கழியில் கோர்த்துக் கொதிக்கும் சாயத் தொட்டியில் இறக்கித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் வேலை, வாய்க்கு வேலை இல்லை. அது என் சுபாவத்துக்குப் பொருத்தம்.

1. சுற்றிச் சுற்றி

என் மகள் கௌரி எம்.பி.பி.எஸ். முதல் வருஷத்தில் பயோகெமிஸ்ட்ரியில் மட்டும் பெயில் ஆனாள். அவளோடு சேத்துப்பட்டு ஸ்டெல்லாவும் தேசூர் தினகரனும் பெயில். மறுதேர்விலும் போனால் கூடப் படித்தவர்கள் மேலே போய்விடுவார்கள், இவர்கள் ஜூனியர் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். அதனால் லீவில் மூவரும் எங்கள் வீட்டில் கூடிப் படித்தார்கள். உள்ளே மின்விசிறி ஓடவில்லை என்றால் பட்டறை வாசலில் பாய் விரித்துக்கொள்வார்கள்.

அவர்கள் படிப்பதைக் கேட்க எனக்கு ஆசை. காட்டிக்கொள்ள மாட்டேன். உடம்புக்குள் ஏதோ ஒரு சைக்கிள் உண்டாம், ஒன்று இன்னொன்றாக மாறி, அது வேறொன்றாக மாறி, கடைசியில் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்குமாம்.

"கிளம்புன எடத்துக்கே வர்றதுக்கு இன்னாத்துக்குடி கிளம்புது?" என்றாள் ஸ்டெல்லா.

"எனர்ஜி வருதுல்ல," என்றாள் கௌரி.

"அதுக்கு வருது. எனுக்குப் போவுது."

தினகரன் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்திருந்தான். "மச்சி, எந்தப் பேஷன்ட்டாவது வந்து, டாக்டர், எனுக்கு ஆல்ஃபா கீட்டோகுளுடரேட்டு வலிக்குதுன்னு சொல்லப்போறானா? வயிறு வலிக்குதுன்னுதான சொல்லுவான். பேஜாருப்பா இந்தப் பாடம்."

நான் திரும்பி நின்று சிரித்துக்கொண்டேன். அந்தப் பெயரை இங்கே எழுத மகளிடம் மூன்று முறை கேட்டேன்.

2. சிவப்பு எங்கிருந்து வந்தது

தியரியைவிடப் பிராக்டிகலுக்குத்தான் கௌரி அதிகம் பயந்தாள். போன தடவை சொட்டுக் கணக்குத் தவறிவிட்டதாம். வீட்டிலேயே பழக வேண்டும் என்று தினகரன் வேலூரிலிருந்து கண்ணாடிக் குழாய்களும் பெனடிக்ட் என்ற நீல மருந்தும் வாங்கி வந்தான். குழாயில் அந்த மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, கொதிநீரில் வைக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே இருக்கும். இருந்தால் அளவுக்கு ஏற்ப பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு.

முதலில் சமையலறைச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து விட்டார்கள். நீலம் அசையவே இல்லை.

"சர்க்கரையே போட்டும் சர்க்கர இல்லைன்னுது," என்றான் தினகரன். "அங்கிள், உங்க மளிகைக் கடையில ஏமாத்திட்டான்."

கௌரி புத்தகத்தைப் புரட்டித் தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டுச் சர்க்கரைக்கு இந்தச் சோதனை பேசாதாம். மருந்துக்கடையில் குளுக்கோஸ் பொடி வாங்கி வந்து போட்டார்கள். நீலம் கிளிப்பச்சை ஆனது, மாம்பழ மஞ்சள் ஆனது, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது.

எனக்குக் கழியைத் திருப்ப மறந்துவிட்டது. என் தொழிலில் போட்ட பொடியின் நிறம்தான் வரும். இவர்கள் போட்டது வெள்ளைப் பொடி. கூச்சத்தை விட்டுக் கேட்டேன்.

"யாருமே செவப்பு போடலியே. எங்கேர்ந்து வந்துச்சு?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அந்த நீலத்துல செம்பு இருக்குதுப்பா," என்றாள் கௌரி மெதுவாக. "குளுக்கோஸ் அத்த மாத்திடுது. நீலமா இருந்ததேதான் செவப்பா ஆவுது."

அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

3. நார்மல் சாம்பிள்

மறுநாள் காலை தினகரன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான்.

"அங்கிள், ஒரு ஹெல்ப்பு. தப்பா நெனைக்காதீங்க."

வண்டி கேட்கிறான் என்று சாவியை எடுத்தேன். அவன் கேட்டது வேறு. நார்மல் சாம்பிள், அதாவது நோயில்லாத ஒருவரின் சிறுநீர் வேண்டும், பெண்கள் மாட்டேன் என்கிறார்கள், தனக்கு இப்போதுதான் ஆயிற்று என்றான். மகள் எதிரில் இது என்ன கூத்து என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் காலி சாயப் பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன்.

கௌரிதான் சோதனை செய்தாள். குழாய் சிவந்தது.

"சொட்டு ஜாஸ்தி வுட்டுட்ட," என்றாள் ஸ்டெல்லா. கௌரி இந்த முறை எண்ணி விட்டாள். மறுபடி சிவப்பு.

பட்டறையில் நிறத்தின் ஷேடு தப்பினால் நாங்கள் முதலில் நூலைக் குறை சொல்வோம். பிறகு தண்ணீர், பிறகு பொடி. கை தப்பு என்று ஒப்புக்கொள்வது எல்லாவற்றுக்கும் கடைசி. இந்தப் பிள்ளைகள் முதலிலேயே கையைச் சொன்னார்கள். நான் என் வழக்கப்படி, "பாட்டில்ல சாயம் ஒட்டிகினு இருந்திருக்கும்," என்றேன். புது டம்ளரில் மறுபடி கொடுத்தேன். எனக்கு வேண்டும்போதெல்லாம் வந்தது. அதையும் யாரும் கவனிக்கவில்லை. மறுபடி சிவப்பு.

மருந்து கெட்டிருக்கும் என்று வெறும் தண்ணீரில் பார்த்தார்கள். நீலம்.

கௌரி பாயில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. "எனுக்கு நார்மலே நார்மலா வரலடி. எக்ஸாம்ல இன்னா பண்ணப்போறன்?"

ஸ்டெல்லா டம்ளரைத் தினகரன் கையில் திணித்தாள். "போ."

"இப்பதான..."

"தண்ணி குடிச்சிட்டுப் போ."

கொஞ்ச நேரம் கழித்து அவனுடையதைக் கௌரியே செய்தாள். அதே கை, அதே மருந்து, அதே அடுப்பு. நீலமாகவே நின்றது.

தினகரன் "அப்பாடா" என்றான். இரண்டு குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கௌரி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, ராத்திரியில எத்தினி வாட்டி எழுந்து போற?"

"அடுப்பாண்டயே நிக்கிறன். தண்ணி நெறைய குடிக்கிறன், அதான்."

"தாகம் எடுக்குதா?"

தலையாட்டினேன். பயப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அந்தச் சிவப்பு நமக்குள்ளிருந்தா வந்தது என்றுதான் தோன்றியது. "வூட்டுச் சர்க்கரைக்குத்தான் இது பேசாதே. நான் டீயில போடுறது அதானே?" என்று கேட்டேன்.

"உள்ள போனா அதுவும் குளுக்கோஸா ஒடையும் அங்கிள்," என்றாள் ஸ்டெல்லா. அந்தப் பாடத்தில் அவள் புத்தகம் பார்க்காமல் சொன்ன முதல் பதில் அது என்று தினகரன் பிறகு சொன்னான்.

4. கேள்வி கேட்கும் ஆள்

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை நிறைய இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். கௌரி இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. "டாக்டருக்குப் படிக்கிறன். வூட்ல இருக்கிறது தெரியல," என்று தன் அம்மாவிடம் சொன்னாள்.

அவளைச் சமாதானம் செய்ய எனக்குப் பேச வராது. ஆனால் கேட்க நிறைய இருந்தது. ரத்தத்தில் அவ்வளவு சர்க்கரை இருந்தும் எனக்கு ஏன் அசதி? அது ஏன் சிறுநீரில் வருகிறது?

"தொட்டியில சாயம் இருக்குது, நூலு குடிக்க மாட்டேங்குது, கடைசியில எல்லாம் சாக்கடைக்குப் போவுது. அப்பிடியா?" என்றேன்.

"கிட்டத்தட்ட அப்பிடித்தான் அங்கிள்," என்றான் தினகரன்.

"இல்லடா, தப்பு. சாயம் வந்து ஒட்டுது. இது உள்ள போய் எரியணும்," என்றாள் கௌரி. இரண்டு பேருக்கும் சண்டை. புத்தகம் திறந்தது. கிளம்பிய இடத்துக்கே வரும் அந்த சைக்கிளும் அதில் வந்தது. என் அசதி அதில் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடினார்கள். அதன் பிறகு தினமும் நான் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டுத்தான் நூலைத் தொட்டியில் இறக்குவேன்.

பரீட்சையில் கௌரிக்கு வந்தது சிறுநீர் சோதனைதான். குழாய் நீலமாகவே இருந்ததாம். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

"என்னம்மா, ஒண்ணும் மாறலயே, எதப் பாக்குற?" என்று கேட்டாராம் எக்ஸாமினர்.

"மாறலைன்னுதான் சார் பாக்குறன்," என்றாளாம்.

மூவரும் பாஸ். தினகரன் மட்டும் விளிம்பில்.

தம்பி, தங்கைகளே, நான் கற்றது இவ்வளவுதான். நினைத்த நிறம் வராவிட்டால் உடனே கீழே ஊற்றிவிடாதீர்கள். உங்கள் கையையும் உடனே திட்டாதீர்கள். அது யாருடைய சாம்பிள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

மீதி இருந்த மருந்தில் இன்று காலை நானே ஒரு குழாய் போட்டுப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனைதான் சரியான கணக்கு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இது என் ஆசைக்கு. இளம் கிளிப்பச்சை. நீலத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன்.

கார்த்திகை தீபம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆரணி.