நாமக்கட்டியும் வாமனின் கண்ணும்

என் கொழுந்தன் வாமனின் இடது கண்ணிமையில் கட்டி வந்தது தொண்ணூற்றாறாம் வருஷம், மாம்பழக் காலத்தில். இமையோரம் சிவந்து வீங்கி, மஞ்சளாக ஒரு முனை தெரிந்தது. காலையில் பீளை காய்ந்து இமை ஒட்டிக்கொள்ளும். அதை நகத்தால் உரித்துவிட்டு அதே கையால் காப்பி டம்ளரை எடுப்பான்.

வாமன் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்கள் வீடு இருந்த விஜயநகரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் போய்வருவான். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர் போய்ச் சின்ன விமானம் ஓட்டக் கற்று, உரிமமும் வாங்கியிருந்தான். பிழைப்புக்கு அல்ல, ஆசைக்கு. அந்த உரிமம் செல்லுபடியாக வேண்டுமானால் அவ்வப்போது டாக்டரிடம் உடம்பையும் கண்ணையும் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அந்தத் தடவைப் பரிசோதனை அடுத்த வாரம் இருந்தது.

“இப்பவே கண் டாக்டரைப் பாரேன் வாமா,” என்றேன்.

“பார்த்தா எழுதி வெச்சுடுவா மன்னி. கண்ணுல கோளாறுன்னு ஆயுசுக்கும் ஒட்டிண்டுடும்.”

“இப்ப ஒட்டிண்டிருக்கறது பீளைதான்.”

கேட்டுக்கொண்டிருந்த என் மாமனார் செலுவநாராயணன், “டாக்டர் எதுக்கு? நாமக்கட்டி இருக்கு,” என்றார்.

மேல்கோட்டையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. மாமனாரின் ஆசாரம் தெரு முழுக்கத் தெரியும். யாராவது டம்ளரில் வாய் வைத்துக் குடித்துவிட்டால் அந்த டம்ளர் கொல்லைக்குப் போய்விடும். ஒரு நாள் உப்புப் பார்க்க உள்ளங்கையில் ஒரு சொட்டு சாம்பார் விட்டு நக்கினேன் என்று அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை. எச்சில் என்ற சொல்லையே முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொல்வார்.

அவருடைய வைத்தியம் இதுதான். காலையில் எழுந்ததும், பல் தேய்க்கும் முன், சந்தனக்கல்லில் துப்புவார். நெற்றிக்கு இட்டுக்கொள்ளும் வெள்ளை நாமக்கட்டியை அதிலேயே உரைத்து, விரலால் வழித்து வாமனின் இமைக் கட்டியின் மேல் பூசுவார். ராத்திரி வெற்றிலை போடும் பழக்கம் அவருக்கு உண்டு. கல்லில் அந்தக் குழம்பு இளஞ்சிவப்பாக நுரைத்து நிற்கும்.

“இது எச்சில் இல்லையாப்பா?” வாமன் கேட்டான்.

“ஒண்ணும் சாப்பிடாத வாய்டா. ராத்திரி பூரா ஊறினது. மருந்து. முகத்தைக் காட்டு.”

ஆகாயத்தில் விமானம் ஓட்டுகிறவன், கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினான். நான் கல்லைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். மருந்துக் கல்லை ஏன் கழுவினாய் என்று எனக்குத் திட்டு.

பூசியது வழிந்து கண்ணுக்குள் இறங்கிப் பொடிப்பொடியாகக் காய்ந்தது. வாமன் கசக்கிக்கொண்டே இருந்தான். பரிசோதனை நாளன்று வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணீர் கொட்டியது. ஸ்கூட்டர் ஓட்ட முடியவில்லை. ஆட்டோ வந்தது. “நீ கூடப் போ. அங்க வாயைத் திறக்காதே,” என்றார் மாமனார் என்னிடம். நான் எங்கேயும் வாயைத் திறக்கிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

சான்றுக்காகக் கண்ணைச் சோதிக்கும் டாக்டர் உமாதேவி இமையைப் பிரித்துப் பார்த்தார். “இதுல என்ன போட்டீங்க?” என்று கன்னடத்தில் கேட்டார்.

“ஒண்ணும் இல்லை. பன்னீர்,” என்றான் வாமன்.

“பன்னீர்ல மண் ஏது?”

வாமன் மேஜைக்கடியில் என் காலை அழுத்தினான். டாக்டர் என்னைப் பார்த்தார்.

“நாமக்கட்டி,” என்றேன். “மாமனார் எச்சில்ல உரைச்சது.”

டாக்டர் கையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். உள்ளே வெகுநேரம் சோப்புப் போட்டுக் கழுவும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து வாமனிடம் சொன்னார்: “வெறும் கட்டியோட வந்திருந்தா, வெந்நீர் ஒத்தடம் குடுங்க, ஆறினதும் வாங்கன்னு அனுப்பியிருப்பேன். அதுக்காக யாரும் உங்க உரிமத்தைப் பிடுங்க மாட்டாங்க. இப்போ கருவிழியில கீறல், அது சீழ் வெச்சிருக்கு. தழும்பு நடுவுல விழுந்தா பார்வை குறையும். ஆறட்டும், அப்புறம்தான் சொல்ல முடியும்.”

ஜன்னலை மூடிய அறையில் வாமன் படுத்துக் கிடந்தான். நான்தான் சொட்டு மருந்து விட்டேன். ஒவ்வொரு தடவையும், “தழும்பு நடுவுல விழுமா மன்னி?” என்பான். அந்தக் குரலைக் கேட்டால் பாவமாக இருக்கும். என் காலை அழுத்தியதும் ஞாபகம் வரும்.

தழும்பு ஓரத்தில்தான் விழுந்தது. மழைக்காலம் முடிந்து டாக்டர் மறுபடி சோதித்தார். பார்வை குறையவில்லை. சான்று கிடைத்தது.

மாமனார் அதைப் பெருமாள் முன்னால் வைத்தார். பக்கத்து வீட்டு லிங்கம்மா வந்தபோது, “எல்லாம் நாமக்கட்டி பண்ணின வேலை,” என்றார்.

“அப்படியா வாமன்?” என்று கேட்டாள் லிங்கம்மா.

வாமன் சான்றைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். “அப்பா கைராசி,” என்றான். அந்த எச்சிலைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் லிங்கம்மா பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். குழந்தையின் இமையில் சிவப்பாக ஒரு கட்டி. வாமன் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டான்.

நான் வாசல் கேட் அருகே போய், அந்த மருந்து எதில் உரைக்கப்படுகிறது என்று லிங்கம்மாவிடம் சொன்னேன். டாக்டர் இருக்கும் தெருவையும் சொன்னேன்.

அவள் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பிப் போனாள். உள்ளே மாமனார் கல்லை முன்னால் வைத்துக்கொண்டு, வாய் கொப்பளிக்காமல் காத்திருந்தார்.